கம்ப்யூட்டருக்கு வேன் பிரித்தவன்

பாலாற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கிற மனிதர்களுக்கு ரத்தக் கொதிப்பை உண்டாக்குவதற்கென்றே கடவுள் தனியாக உட்கார்ந்து செய்த ஆள் ஒருவன் உண்டென்றால், அது எங்கள் ஆபீஸ் டிரிப்ஷீட்தான். இருபது வருஷம் ஆகப்போகிறது. இன்றைக்கும் யாராவது கையில் அட்டையும் காகிதமும் பேனாவுமாக என்னை நோக்கி நடந்து வந்தால் எனக்குக் காது சூடாகிவிடும்.

அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. மற்றபடி ஊருக்கும் ஆபீஸுக்கும் அவன் டிரிப்ஷீட். சொந்த ஊர் புதுப்பட்டினம். தினமும் திருக்கழுக்குன்றம் வழியாக பஸ்ஸில் வந்து எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர்களைப் பராமரிப்பான். அது பிழைப்பு. உண்மையான தொழில், வேன் பிரிப்பது. அவன் ஊர்ப் பக்கம் கடற்கரைக் குப்பமானாலும் சரி, அணுமின் நிலைய டவுன்ஷிப்பானாலும் சரி, கல்யாணம், காதுகுத்து, கோயில் பயணம் என்று எது வந்தாலும் எந்த வேனில் யார் யார் ஏறுவது என்று பட்டியல் போட அவனைத்தான் கூப்பிடுவார்கள்.

டிரிப்ஷீட்டில் டிரைவர்கள் எங்கிருந்து எங்கே, எத்தனை கிலோமீட்டர் என்று எழுதுவார்கள். இவன் எழுதுவது ஜாதகம். யாரோடு யார் பேசுவதில்லை, எந்தச் சித்தப்பா டீக்கடையைக் கண்டால் இறங்கி ஓடுவார், எந்தக் குழந்தை எந்த அத்தை மடியில் மட்டும் தூங்கும் என்று பக்கம் பக்கமாக எழுதி அட்டையில் செருகி வைத்திருப்பான்.

நான் திருச்சியிலிருந்து வேலைக்கு வந்து சேர்ந்த புதிதில் ஆபீஸில் எல்லோரும் மாமல்லபுரம் கிளம்பினோம். ஒரே வேன். அவன் அட்டையோடு படிக்கட்டருகே நின்றுகொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"அண்ணாத்த, நீ முன்னால டிரைவர் பக்கம் குந்து. இந்தா, கவரு."

"எதுக்கு?"

"வாந்தி வரும்."

"எனக்கா? திருச்சியிலிருந்து மெட்ராஸுக்குக் கடைசி சீட்டுலயே வந்தவன்யா நான். ஒரு தடவைகூட வந்ததில்ல."

"வரும். மூஞ்சிலயே எழுதிக் கீது."

திருக்கழுக்குன்றம் தாண்டியதும் வந்தது. அவன் சொல்லாமல் இருந்திருந்தால் வந்தே இருக்காது என்று எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்வேன். ஒரு மனிதனுடைய வயிற்றைப் பற்றி அவனுக்கே தெரியாத விஷயத்தைப் பத்துப் பேர் முன்னால் சொல்ல இவனுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

இவனுக்கு வாகாக எங்கள் ஆபீஸும் ஜி.எஸ்.டி. ரோட்டோரம் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் இருந்தது. முகூர்த்த நாளில் நாங்கள் வெளிநாட்டுக்காரர்களோடு போனில் பேசும்போது நடுவில் கெட்டிமேளம் கேட்கும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கீழே வேன் வந்து நிற்கிற சத்தம் கேட்டால் போதும், இவன் நாற்காலியில் இருக்கமாட்டான். ஒருநாள் முக்கியமான நேரத்தில் கம்ப்யூட்டர்கள் மொத்தமாக நின்றுபோய், நான் மூச்சிரைக்கக் கீழே ஓடினேன். இவன் வேனுக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நிற்கிறான்.

"யோவ், மேல எல்லாம் நின்னு போச்சு. இங்க என்ன பண்ற?"

"இரு அண்ணாத்த. சம்மந்தியம்மா செருப்பத் தேடிக்கினு கீது. அது ஏறாம வண்டிய எடுத்தாங்கன்னா பெரிய பேஜாரா பூடும்."

"யாரு இவங்க? உனக்குச் சொந்தமா?"

"யாருன்னு யாருக்குத் தெரியும்?" என்றான், என்னவோ நான்தான் முட்டாள்தனமாகக் கேட்டுவிட்ட மாதிரி.

இப்படிப்பட்டவனிடம்தான் எங்கள் பதினோரு பேருடைய பிழைப்பும் ஒரு மாதம் மாட்டிக்கொண்டது.

எங்களுக்கு வேலை, தூரதேசத்துப் பார்சல் கம்பெனி ஒன்றுக்குப் புரோகிராம் எழுதுவது. எழுதியதையெல்லாம் போட்டுவைக்க ஒரு கிடங்கு உண்டு. ஷட்டர் போட்ட கிடங்கு இல்லை, ஒரு கம்ப்யூட்டர். எந்த வரியை யார், என்றைக்கு, எதற்காக மாற்றினார்கள் என்ற கதை முழுவதும் அதற்குள் இருக்கும். ஏழெட்டு வருஷத்து உழைப்பு அதில் கிடந்தது. அதை வைத்துத்தான் எங்கள் அடுப்பு எரிந்தது.

ஒருநாள் பார்சல்காரர்கள் போனில் கூப்பிட்டார்கள். அவர்களே சொந்தமாகப் புதுக் கிடங்கு கட்டிவிட்டார்களாம். எங்களிடம் இருப்பதையெல்லாம் மாதக் கடைசிக்குள் அங்கே மாற்றிவிட்டு, பழையதைத் துடைத்துவிட வேண்டுமாம். அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை புதுக் கிடங்கிலிருந்து வேலை ஓட வேண்டும், ஓடாவிட்டால் வேறு கம்பெனியைப் பார்த்துக்கொள்வோம் என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். அவர்கள் வேறு கம்பெனியைப் பார்த்தால் எங்கள் பதினோரு பேருக்கும் அந்த மாடியில் வேலை கிடையாது. எனக்கு டீம் லீடர் பதவி வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. பதவி வந்த புதிதில் வாய் சும்மா இருக்குமா? "ஒரே சனிக்கிழமை போதும்" என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன்.

திரும்பினால் அட்டையோடு நிற்கிறான்.

"இன்னா அண்ணாத்த சொல்லிக்கினு கீற நீ? நாப்பத்தி மூணு டிக்கெட்டு கீது. அத்தினியும் ஒரே வண்டில ஏத்துவியா?"

"இது கம்ப்யூட்டர்யா. காப்பி பண்ணாப் போயிடும். இதுல வேன் எங்க வந்துச்சு, டிரைவர் எங்க வந்தான்?"

"வண்டி எப்பவும் போய்ச் சேரும் அண்ணாத்த. ஏறுன ஆளுங்கதான் போய்ச் சேர மாட்டாங்க."

நாற்பத்து மூன்று புரோகிராம்களை ஏழு வேனாகப் பிரித்தே தீருவேன் என்று உட்கார்ந்துவிட்டான். மறுநாளிலிருந்து ஆபீஸில் யாரும் வேலை செய்யவில்லை. ஒவ்வொருவர் மேஜைக்கும் போய் அட்டையைப் பிடித்துக்கொண்டு விசாரணை நடத்தினான். ரசீது அடிக்கிற புரோகிராமைப் பார்த்துக்கொண்டிருந்தவள் கலைச்செல்வி. எங்கள் ஆபீஸிலேயே கெட்டிக்காரி. அவளிடம் போய்,

"கலை, இது யாரு தொணை இல்லாம போவாது?" என்றான்.

"விலாசம் இல்லாம ஒரு அடி நகராது அண்ணா."

விலாசம் என்பது இன்னொரு புரோகிராம். பார்சல் போக வேண்டிய முகவரி சரிதானா என்று பார்ப்பது. அதையும் குறித்துக்கொண்டான். "சரி. இதுக்கு ஆவாதவங்க யாருனா கீறாங்களா?"

கேள்வி புரியாமல் கலைச்செல்வி என்னைப் பார்த்தாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் ஆகாதவர்கள் இருக்கத்தான் செய்தார்கள். எடை போடுகிற புரோகிராம் ஒன்றும் வரி போடுகிற புரோகிராம் ஒன்றும் ஒரே துணைப் புரோகிராமை நம்பியிருந்தன. ஒன்றுக்கு அதன் பழைய வடிவம் வேண்டும், இன்னொன்றுக்குப் புதுசு வேண்டும். "பங்காளிங்க. ஒண்ணா ஏத்துனா வழில அடிச்சிக்கும்" என்று ஒன்றை இரண்டாவது வேனிலும் மற்றதை நாலாவதிலும் எழுதினான்.

வருஷக்கணக்காக யாரும் தொடாத புரோகிராம்கள் ஆறு இருந்தன. எழுதியவர்கள் வேலையை விட்டே போய்விட்டார்கள். "இதையும் ஏத்திட்டா கணக்கு முடிஞ்சுது" என்றேன்.

"பெருசுங்கள எதுக்கு அலைய வுடணும்? வூட்லயே இருக்கட்டும். போட்டோ எடுத்தாந்து காட்டுனா போதும்" என்றான். புதுக் கிடங்கில் அவற்றின் பெயரை மட்டும் எழுதி வைப்பதாம்.

முதல் வேனில் என்ன ஏற்றினான் என்று நினைக்கிறீர்கள்? பார்சல் கம்பெனி உயிரைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறது. இவன் எங்கள் ஆபீஸில் தினம் யாருக்கு எத்தனை சாப்பாடு சொல்ல வேண்டும் என்று எண்ணுகிற நாலு பக்கப் புரோகிராமை ஏற்றினான். கூடவே கலைச்செல்வி எழுதிய இரண்டு சின்னப் புரோகிராம்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் குரல் மண்டபம் வரைக்கும் கேட்டிருக்கும்.

"ஏன்யா, சாப்பாட்டுக் கணக்கா போய்ப் பார்சலைக் கொண்டு சேர்க்கப் போகுது?"

"மொத வண்டில சாமர்த்தியமா கீறவங்களத்தான் ஏத்தணும் அண்ணாத்த. போற எடத்துல மண்டபம் பூட்டிக் கெடந்தா சாவி வச்சிருக்கிறவன் வூட்டத் தேடிப் போவாங்க. மொத வண்டில மாப்ளைய ஏத்துனீன்னா அவரு மாலையோட தெருவுல நிப்பாரு."

மண்டபம் பூட்டித்தான் கிடந்தது. புதுக் கிடங்கு எங்களில் ஒருவரைக்கூட உள்ளே விடவில்லை. அனுமதிப் பட்டியலில் எங்கள் பெயரே இல்லை. அங்கே இருந்த ஆளைப் பிடித்துச் சரிசெய்ய மூன்று நாள் ஆயிற்று. நான் சொன்ன சனிக்கிழமையன்று இது நடந்திருந்தால் கதை கந்தலாகியிருக்கும். அவன் அதைச் சொல்லிக் காட்டுவான், பதிலுக்கு நாலு வார்த்தை திட்டலாம் என்று காத்திருந்தேன். சொல்லவே இல்லை. பேசாமல் இரண்டாவது வேனுக்குப் பட்டியல் எழுதப் போய்விட்டான். இவனோடு சண்டை போடக்கூட முடியாது.

இரண்டாவது வேனில் புதுச் சட்டம் போட்டான். ஏறினவர் இறங்கக் கூடாது. அதாவது, ஒரு புரோகிராம் போகிற நேரத்தில் அதில் ஒரு புள்ளியைக்கூட யாரும் மாற்றக் கூடாது. சொன்னால் கேட்கமாட்டோம் என்று வேன் புறப்படும் முன் எல்லோருடைய கீபோர்டையும் பிடுங்கித் தன் மேஜையில் அடுக்கிவிடுவான். பட்டம் வாங்கிய பத்துப் பேர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். பிறகு அட்டையைப் பார்த்து உரத்த குரலில் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவான். உரியவர் எழுந்து புதுக் கிடங்கில் பார்த்துவிட்டு பதில் சொல்ல வேண்டும்.

"ரசீது திருத்தம்!"

"கீது!"

"எடை!"

"கீது!"

திருநெல்வேலிப் பையன், கோயம்புத்தூர்ப் பெண் எல்லோருக்கும் அந்த ஒரே பதில்தான். "இருக்கிறது" என்று சொன்னால் அவன் காதில் விழாது. ஒருமுறை இந்தப் பஜனையின் நடுவில் பார்சல்காரர் போனில் வந்துவிட்டார். பின்னால் என்ன சத்தம் என்று கேட்டார். எங்கள் தரக் கட்டுப்பாட்டு முறை என்றேன். வேறு என்ன சொல்வது?

மூன்று வாரத்தில் நாலு வேன் போயிற்று. இருபது புரோகிராம் சேதாரமில்லாமல் போய்ச் சேர்ந்தது. மீதி பதினேழு. ஐந்தாவது வேனுக்கு அவன் எழுதிய தாளை வாங்கிப் பார்த்தேன். அதில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. விலாசம்.

மூன்று வாரமாக அடக்கிவைத்ததெல்லாம் வெடித்தது. "ஒரு வேன், ஒரே ஆளா? இதுக்கு ஒரு நாள் பூரா நாங்க கையைக் கட்டிக்கிட்டு உட்காரணுமா?"

"மத்த அத்தினியும் இத்த நம்பித்தான் கீது அண்ணாத்த. இத்த தனியாத்தான் கூட்டிகினு போவணும். எல்லாரும் பாத்துக்கினு கீறப்ப, ஒத்தரு கையப் புடிச்சிக்கினு."

நான் பேனாவை எடுத்து அந்த வேனையே அடித்தேன். விலாசத்தின் மேல் குறுக்காக ஒரு கோடு. மீதி எல்லாவற்றையும் சனிக்கிழமை ஒன்றாகக் கொண்டுபோகிறோம் என்றேன். அவனுக்கு வெள்ளிக்கிழமையிலிருந்து நாலு நாள் லீவு. லீவுச் சீட்டில் "ஊரில் கல்யாணம்" என்று எழுதியிருந்தான். அவன் ஊரில் என்றைக்குக் கல்யாணம் இல்லை? யாருடையது என்று நான் கேட்கவில்லை.

"வியாயக்கெயமக்குள்ள மூணு வண்டியயும் அனுப்பிட்டுப் போறேன் அண்ணாத்த. நான் இல்லாதப்ப வோணாம்."

"நீ கிளம்பு. உன் வேன் ஜனங்க உனக்காகக் காத்திருப்பாங்க."

 அட்டையைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டான்.

சனிக்கிழமை அற்புதமாக நடந்தது. கீபோர்டு பிடுங்கல் இல்லை, பெயர் கூப்பிடல் இல்லை. அவரவர் புரோகிராமை அவரவர் ஏற்றினார்கள். "ஏத்தியாச்சா?" என்று கேட்டேன். "ஏத்தியாச்சு சார்" என்றார்கள். மாலை நாலு மணிக்கெல்லாம் முடிந்தது. பார்சல்காரர் சொன்னபடி பழைய கிடங்கைச் சுத்தமாகத் துடைத்தேன். எல்லோருக்கும் மசால் வடை வாங்கித் தந்தேன். ஏழு வேனாம், ஏழு வேன் என்று வழியெல்லாம் முனகிக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

பார்சல்காரர்கள் கெடு வைத்த திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்குக் கலைச்செல்வி என் மேஜைக்கு வந்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"சார், விலாசம் எங்க?"

"புதுக் கிடங்குலதான்."

"இல்ல சார்."

விலாசம் புரோகிராமை எல்லோரும் பயன்படுத்தினார்கள். அது தனியாக யாருடையதும் இல்லை. வரி புரோகிராமைப் பார்த்தவன் ரசீதோடு போயிருக்கும் என்று நினைத்தான். கலைச்செல்வி முன்பே எடையோடு போயிருக்கும் என்று நினைத்தாள். எந்த வேனில் என்று எழுதியிருந்த ஒரே தாளில் கோடு போட்டவன் நான். எங்கள் கம்ப்யூட்டர்களில் அதைத் தயார் செய்து ஓட்டுகிற வடிவம் மட்டும் இருந்தது. எழுதிய மூலமும் அதன் ஏழு வருஷக் கதையும் பழைய கிடங்கில் இருந்தன. பழைய கிடங்கைச் சனிக்கிழமை சாயங்காலம் துடைத்துவிட்டு வடை தின்றவனும் நான்தான்.

மாலை ஆறரைக்குப் பார்சல்காரர்கள் கூப்பிடுவார்கள். டிரிப்ஷீட்டின் செல்போனுக்கு அடித்தேன். வேறு யாரோ எடுத்தார்.

"அண்ணாத்த வூட்ல கீறாரு சார். இது வேன்ல கீற போனு. கல்யாணத்துல கடசி வண்டில ஒரு போனு இருக்கணும்னு குட்த்து வுட்டாரு. நான் வாடகப் பாத்திரத்தத் திருப்பிக் குடுக்கப் போய்க்கினு கீறேன்."

கல்யாணம் முடிந்து இரண்டு நாள் ஆகியும் போன் வேனில் சுற்றுகிறது! பைக்கை எடுத்தேன். திருக்கழுக்குன்றம் வரைக்கும் அவனைத் திட்டினேன், அதற்கப்புறம் என்னைத் திட்டிக்கொண்டேன். வேலைக்காக ஊர்விட்டு ஊர் வந்த பத்துப் பேரிடம் போய், பேனாவால் ஒரு கோடு போட்டேன், உங்கள் வேலை போய்விட்டது என்று எப்படிச் சொல்வது?

புதுப்பட்டினத்தில் வழி கேட்டுப் போனேன். வாசலில் வாழை மரம் கட்டியிருந்தது, வாடத் தொடங்கியிருந்தது. பந்தல்காரர்கள் கழிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். இவன் நடுவில் நின்று எந்தக் கழி முதலில் இறங்க வேண்டும் என்று அட்டையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தான். என் முகத்தைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது.

"பொண்ண வூட்லயே வுட்டுட்டு மண்டபத்துக்குப் பூட்டியா அண்ணாத்த?"

"வீட்டையும் இடிச்சிட்டேன்யா. துடைச்சிட்டேன்" என்றேன். 

என் செல்போனை வாங்கி ஆபீஸுக்குப் போட்டான். "கலை, தண்ணி கேன எறக்கு" என்றான்.

எங்கள் ஆபீஸ் மூலையில் படுக்கைவசமாக ஒரு பழைய கம்ப்யூட்டர் பெட்டி கிடந்தது. அது செத்துப்போனது என்று நினைத்து அதன் மேல் குடிநீர் கேனை வைத்திருந்தோம். அது சாகவில்லை. அவன் வியாழக்கிழமை சாயங்காலம் பழைய கிடங்கு முழுவதையும் அதற்குள் நகல் எடுத்து வைத்துவிட்டுத்தான் ஊருக்கு வந்திருக்கிறான். பத்து நிமிஷத்தில் கலைச்செல்வி அழுதுகொண்டே கத்தினாள். "இருக்கு அண்ணா, விலாசம் இருக்கு!"

"இன்னா சொல்லணும்?"

"கீது அண்ணா, கீது!"

நான் அங்கே கிடந்த பந்தல் கழிகள் மேல் உட்கார்ந்துவிட்டேன். நிம்மதி வந்த கையோடு கோபமும் வந்தது. "ஏன்யா என்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா அத்தயும் தொடச்சிருப்ப. வூட்ல பெருசுங்க ஆறு கீதுல்ல அண்ணாத்த, அதுங்கள அம்போன்னு வுட்டுட்டு அத்தினி பேரும் கெளம்பிட முடியுமா? யாருனா ஒத்தரு வூட்ல இருக்கணும்."

அதற்குள் அவனுடைய அம்மா வெளியே வந்து, சாப்பிடாமல் போகக் கூடாது என்று என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போனார். மூன்றாம் நாள் வத்தக் குழம்பு, பொரித்த கருவாடு, டப்பாவில் மிச்சமிருந்த லட்டு. யாருடைய கல்யாணம் என்று அப்போதுதான் கேட்டேன்.

"இன்னா நைனா, இவன் சொல்லலியா? இவன் தங்கச்சிக்குத்தான். மாப்ள மாமல்லபுரத்துல பைக்கு மெக்கானிக்கு. கல்யாணமும் அங்கதான்." சோற்றைப் போட்டபடியே அந்த அம்மாவின் குரல் மாறியது. "எல்லாம் நல்லாதான் நடந்துச்சு. இவன்தான் வரல."

"வரலையா? தங்கச்சி கல்யாணத்துக்கா?"

"அஞ்சு வேனுக்கும் ஆளு பிரிச்சி ஏத்திட்டு, வூட்டப் பாத்துக்கினு இங்கியே குந்திகினான். மொற செய்ய அண்ணன் கீறான்லன்றான். இன்னிக்கி நேத்தா? இந்த ஊருல எத்தினி கல்யாணத்துக்கு வேன் பிரிச்சான், ஒரு தாலி கட்டக்கூடப் பாத்ததில்ல நைனா இவன்."

எனக்கு வந்த கோபம் இன்றைக்கும் ஆறவில்லை. அவன் மேல் கோபம். அவனை வாசலில் நிறுத்திவிட்டு வேனில் ஏறிப்போன அத்தனை சொந்தக்காரர்கள் மேலும் கோபம். ஜாதகம் மாதிரிப் பக்கம் பக்கமாக எழுதுகிறானே, அதில் ஒரு வரி, ஒரே ஒரு வரி, இவனுக்கு எந்த சீட் என்று ஒருவனுக்குக் கேட்கத் தோன்றவில்லையா? லீவுச் சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு யாருடைய கல்யாணம் என்று கேட்காத ஒரு டீம் லீடர் இருந்தானே, அவன் மேல்தான் எல்லாரையும்விட அதிகம்.

"ஞாயித்துக்கெயம மாப்ள வூட்ல விருந்து வச்சிக் கீறாங்க. அதுக்கும் இவன் வர மாட்டானாம்" என்றார் அம்மா.

"வருவான்" என்றேன்.

அன்று மாலை ஆறரைக்குப் பார்சல்காரர்கள் கூப்பிட்டபோது எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. மிக ஒழுங்காகத் திட்டமிட்டு மாற்றியிருக்கிறீர்கள் என்று என்னைப் பாராட்டினார்கள். நான் இல்லை, எங்கள் ஆபீஸில் ஒருவர் இருக்கிறார் என்று அவனுடைய முழுப் பெயரைச் சொன்னேன். பக்கத்தில் இருந்தவர்களே யார் அது என்று திரும்பிப் பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு அவன் வீட்டு வாசலில் போய் இறங்கினேன். கையில் அட்டை, அட்டையில் என் கையெழுத்தில் ஒரு டிரிப்ஷீட். முதல் சீட், ஜன்னல் ஓரம், அவன் பெயர். அவன் அதை இரண்டு தடவை படித்தான்.

"அப்ப வூட்ட யாரு பாத்துப்பாங்க?"

"நான்."

"உனக்கு இன்னா தெரியும் அண்ணாத்த? கேபிள்காரன் வருவான். இஸ்திரிக்காரன் துணி கொணாருவான். கோயி ஏயு கீது, சாயங்காலம் எண்ணி அடைக்கணும்."

"ஏறுய்யா!"

அம்மா ஒரு பக்கம் தள்ள, நான் ஒரு பக்கம் தள்ள, ஏற்றிவிட்டோம். வேன் தெரு திரும்பும் வரைக்கும் ஜன்னலில் தலையை நீட்டி எனக்கு உத்தரவு போட்டுக்கொண்டே போனான். நான் அந்த வீட்டில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். கேபிள்காரன் வரவில்லை. இஸ்திரிக்காரன் வந்து, நான் யார் என்று என்னையே விசாரித்துவிட்டுப் போனான். கல்யாணம் நடந்த சனிக்கிழமை இவன் இப்படித்தான் தனியாக உட்கார்ந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

வெயில் தாழ்ந்தபின் வேன் வந்து நின்றது. அங்கே தங்கச்சி வாசலுக்கே ஓடிவந்து இவன் கையைப் பிடித்தவள், சாப்பிடும்போதுகூட விடவில்லையாம். அம்மா சொல்லிச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.  அவன் சட்டையெல்லாம் சந்தனமும் பன்னீருமாக நேரே கொல்லைப்புறம் போய்க் கோழிகளை எண்ணினான்.

"ஆறுதான் கீது. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு உன்ன நம்பி வுட்டுட்டுப் போனேன்!"

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "காலையிலயே ஆறுதான்யா இருந்துச்சு!"

"ஏயு!"

"ஆறு!"

சண்டை போட்டுக்கொண்டே இருவரும் சவுக்குத் தோப்புக்குள் தேடப் போனோம். அவன் ஒவ்வொரு புதரையும் விலக்கிப் பார்த்தபடி, தங்கச்சி வைத்த மீன் குழம்பில் உப்பு கொஞ்சம் தூக்கல் என்று மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தான். கடல் காற்று வந்துகொண்டிருந்தது. கோழி கிடைக்கவில்லை. எனக்கு, அது இன்னும் கொஞ்ச நேரம் கிடைக்காமலே இருக்கட்டும் என்றிருந்தது.